மாதத் தவணை 130 குறைந்தால் லாபமா?

வீட்டுக் கடனுக்கு ஐந்து ஆண்டுகளாக 9 சதவீத வட்டி கட்டிவந்த நான், அதே வங்கி புதிதாகக் கடன் வாங்குவோருக்கு 8.5 சதவீதத்தில் தருவதாக அறிவித்திருந்ததைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். ஒரு தவணைகூடத் தவறாமல் 60 மாதங்கள் கட்டியவனுக்கு ஒரு விகிதம், நேற்று வந்தவருக்கு அதைவிடக் குறைந்த விகிதம் என்பது முதலில் எரிச்சலைத்தான் தந்தது. விசாரித்தபோது காரணம் புரிந்தது. மாறும் வட்டி என்பது பெரும்பாலும் இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை: சந்தையோடு ஏறி இறங்கும் அடிப்படை விகிதம் ஒன்று, அதன்மேல் வங்கி வைத்துக்கொள்ளும் மார்ஜின் இன்னொன்று. அடிப்படை விகிதம் குறைந்தால் அந்தக் குறைவு எல்லோருக்கும் வந்துசேரும். ஆனால் மார்ஜின், கடன் வாங்கிய அன்று ஒப்பந்தத்தில் எழுதியபடியே நின்றுவிடும். போட்டியால் புதியவர்களுக்கு அதைக் குறைக்கும் வங்கி, பழையவர்களுக்குத் தானாக முன்வந்து குறைப்பதில்லை. கேட்டால்தான் கிடைக்கும்.

கேட்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கடன் எவ்வளவு என்பது இங்கே தேவையில்லாததால், எல்லாவற்றையும் ஒரு லட்சத்துக்கு என்றே சொல்கிறேன். உங்கள் தொகைக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு லட்சத்தை 9 சதவீதத்தில், 20 ஆண்டுகளில் அடைப்பதற்கு மாதத் தவணை சுமார் 900. முதல் மாதம் அதில் 750 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 150 மட்டும். ஐந்து ஆண்டுகளில் நான் கட்டியது ஏறத்தாழ 54,000. மீதி அசல் எவ்வளவு என்று அறிக்கையில் பார்த்தால் 88,700. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு அன்று மாலை முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கிடையில் வேறொரு வங்கியின் முகவர் ஒரு தாளோடு வந்தார். வட்டி 8.5 சதவீதம், புதிய தவணை 770, மாதத்துக்கு 130 மிச்சம் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடத் தோன்றும் எண்தான். ஆனால் தாளின் ஓரத்தில், தவணைக் காலம் 240 மாதங்கள் என்றும் இருந்தது. எனக்கு மீதி இருந்ததோ 180 மாதங்கள்தான். இருக்கிற கடனையே தொடர்ந்தால் நான் இன்னும் கட்டவேண்டியது சுமார் 1,61,950. குறைந்த வட்டி என்று நம்பி மாறினால் கட்டவேண்டியது 1,84,750. அதாவது வட்டி விகிதம் அரை சதவீதம் இறங்கியும், என் கையிலிருந்து போவது 22,800 கூடுகிறது. முகவர் பொய் எதுவும் சொல்லவில்லை. தவணையை முன்னால் வைத்து, காலத்தைப் பின்னால் வைத்தார், அவ்வளவே.

அதே 8.5 சதவீதத்தை, மீதமுள்ள 180 மாதங்களுக்கே கேட்டால் தவணை ஏறத்தாழ 874 ஆகி, மொத்தத்தில் 4,700 மிச்சமாகிறது. பழைய தவணையான 900-ஐயே தொடர்ந்து கட்டுவதாக வைத்துக்கொண்டால், கடன் 170 மாதங்களில் முடிந்து, மிச்சம் 9,000-ஐத் தாண்டுகிறது. வட்டி விகிதம் ஒன்றே. அதை எந்தக் காலத்தோடு சேர்த்து வாங்குகிறோம் என்பதில்தான் இத்தனை வேறுபாடு. எனவே இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது, ஒரே மீதி அசல், ஒரே காலம் என்று வைத்து, கடைசித் தவணைவரை கட்டும் மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்வதே என் வழக்கமாகிவிட்டது.

விகிதம் என்ற ஒற்றை எண்ணும் எப்போதும் ஒரே பொருளைத் தருவதில்லை. கட்டிய அசலை மாதந்தோறும் கழித்துக்கொண்டு வட்டி போடுவது ஒரு முறை, ஆண்டு முடிவில் மட்டும் கழிப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் அதே 9 சதவீதத்துக்கு மாதத் தவணை 913 ஆகிவிடும். மாதாந்தர முறையில் 9.2 சதவீதம் வாங்கியதற்கு அது சமம். ஃப்ளாட் வட்டி என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். 20 ஆண்டுகளுக்கு 5 சதவீத ஃப்ளாட் வட்டி என்றால், அடைத்த அசலுக்கும் சேர்த்துக் கடைசிவரை வட்டி கட்டுகிறோம் என்று பொருள். குறையும் நிலுவையில் கணக்கிட்டால் அது கிட்டத்தட்ட 8 சதவீதம்.

தொடக்கச் சலுகை வட்டியும் இப்படித்தான். 2008 நெருக்கடிக்கு முன்பு அமெரிக்காவில் பரவலாக விற்கப்பட்ட '2/28' கடன்களில், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் வட்டி நிலையாக இருந்தது. மீதி 28 ஆண்டுகளுக்கு அது மாறும் வட்டி. இரண்டு ஆண்டு முடிந்ததும் தவணை உயர்ந்து பலர் திணறினார்கள். நிலையான வட்டி என்று ஒரு வங்கி சொன்னால், எத்தனை ஆண்டுகளுக்கு நிலையானது என்பதே என் முதல் கேள்வி. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பது இரண்டாவது.

வங்கி மாறுவதற்கும் செலவு உண்டு. செயல்பாட்டுக் கட்டணம், சட்டக் கருத்து, சொத்து மதிப்பீடு, அடமானத்தைப் புதிதாகப் பதிவது எல்லாம் சேர்ந்து, மீதி அசலில் ஒரு சதவீதம் வந்தது எனக்கு. லட்சத்துக் கணக்கில் 887. தவணை மாதத்துக்கு 26 குறைகிறது என்றால், அந்தச் செலவை மீட்கவே 34 மாதங்கள் ஆகும். அதற்குள் வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் மாறாமல் இருப்பதே நல்லது. கடனின் வயதும் முக்கியம். 15 ஆண்டுகள் முடிந்தவர் அதே அரை சதவீதத்துக்காக மாறினால், மீதி ஐந்து ஆண்டுகளில் மிச்சமாவது மொத்தமே 630 அளவுதான். வட்டியின் பெரும்பகுதியை அவர் ஏற்கெனவே கட்டி முடித்திருப்பார்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, போட்டி வங்கி எழுத்தில் தந்த சலுகைக் கடிதத்தையும், என் கடனை முழுமையாக அடைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டு வாங்கிய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு பழைய வங்கிக்கே போனேன். அடைப்புத் தொகை அறிக்கையைக் கேட்டதுமே அவர்கள் பேச்சில் ஒரு மாற்றம் தெரிந்தது என்பது என் ஊகம். மாற்றத்துக்கான செலவில் நான்கில் ஒரு பங்குகூட ஆகாத கட்டணத்தில் 8.5 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். பத்திரம் இடம் மாறவில்லை, மதிப்பீட்டாளர் வரவில்லை.

வட்டி குறைந்ததும் காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைப்பதுதான் அந்த வங்கியின் வழக்கம். தவணை பழையபடியே இருக்கட்டும், மாதங்களைக் குறையுங்கள் என்று நான் தனியாக ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. அதை வாங்கிக்கொண்ட அலுவலர், தவணை குறைவதை வேண்டாம் என்கிறீர்களே என்று இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார். அடுத்த மாத அறிக்கையில், மீதித் தவணைகள் என்ற இடத்தில் 169 என்று இருந்தது.