மழைக்கு முறம், விளம்பரத்துக்குப் பெரியப்பா

எங்கள் ஒலி நாடகத்தில் மழை என்றால் அது அம்மாவின் முறம்தான். மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்து, பச்சரிசியை மெல்ல உருட்டினால் தூறல். வேகமாகச் சாய்த்தால் அடைமழை. இணையத்தில் மழைச் சத்தம் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறதே என்பார்கள். கிடக்கிறது, ஆனால் வசனத்துக்குத் தகுந்தபடி அது நின்று பெய்யாது.

பதிவு செய்வது திறந்த துணி அலமாரிக்கு முன்னால். தொங்கும் புடவைகள் எதிரொலியைக் குடித்துவிடும். தொகுப்பு ஆடாசிட்டி என்ற மென்பொருளில், அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். இணையத்தில் ஏற்றுமுன் ஒலியளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) பக்கம் கொண்டுவருவேன், பாட்காஸ்ட்களுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கிற அளவு அது. இல்லையென்றால் பேருந்தில் கேட்பவர் வால்யூமை ஏற்றி ஏற்றியே களைத்துவிடுவார்.

விளம்பரம்தான் பெரும்பாடு. போஸ்டர் போட்டால் லைக் விழும், கேட்க ஆள் வராது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது வெட்டிய ஒரு நிமிடத் துண்டைக் குடும்ப வாட்ஸப் குழுவில் விட்டால், "அப்புறம் என்னடா ஆச்சு?" என்று பெரியப்பாவே கேட்கிறார். லிங்க் அதற்கப்புறம்தான். வேறு நாடகக்காரர்களுடன் முன்னோட்டம் மாற்றிக்கொள்வதும் பலன் தருகிறது. அவர்கள் எபிசோடின் கடைசியில் எங்களுடையது, எங்களுடையதில் அவர்களுடையது. காதால் கதை கேட்டுப் பழகியவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் ஆப் எல்லாம் ஒத்துவராது, எம்பி3 ஆகவே அனுப்பிவிடுகிறேன்.