ஆச்சியின் கை

காரைக்குடியில் இன்று கல்யாணப் பந்தி. கவுனி அரிசி பரிமாற வந்த ஆச்சி, கரண்டி பிடித்த கையைப் பாதி முந்தானைக்குள் மறைத்திருந்தார்.

விரல் நுனிகளில் வெண்புள்ளி.

பக்கத்து இலைக்காரர் "வேண்டாம்" என்று இலையைக் கையால் மறைத்தார். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

இந்த வெண்புள்ளியில் ஒட்டுவதற்குக் கிருமியே இல்லை. உடம்பைக் காக்கும் டி செல்கள், தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட்களையே பகை என்று தாக்குகின்றன.

அதே டி செல்களின் கட்டை அவிழ்த்துப் புற்றுநோயை அடிக்க வழி கண்டதற்குத்தான் 2018இல் அலிசன், ஹோன்ஜோ என்ற இரு விஞ்ஞானிகளுக்கும் மருத்துவ நோபல். மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அந்தச் சிகிச்சை எடுப்பவர்களில் சிலருக்கு வெண்புள்ளி வரும். வந்தால் டாக்டர்களுக்கு நம்பிக்கை கூடும், மருந்து வேலை செய்கிறதென்று.

"இன்னொரு கரண்டி வைங்க ஆச்சி" என்றேன்.