ஏற்காட்டு மருந்தும் ஆர்க்டிக் கடலும்

அப்பாவுக்கு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்தது. அராபிகா காப்பிக்கு எமன் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. வெயில் படும் தண்டாகப் பார்த்து, பட்டை வெடிப்பில் வண்டு முட்டையிடும். புழு உள்ளே குடைந்துகொண்டே போகும். இலை பழுத்து நமக்குத் தெரியவரும்போது செடி கைவிட்டுப் போயிருக்கும். அதனால் வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்னால் பட்டையைத் தேய்த்துவிட்டு, தண்டு முழுக்க லிண்டேன் என்ற பூச்சிமருந்தைப் பூசுவார்கள். அதற்கும் முந்தைய காலத்தில் பி.எச்.சி. (பென்சீன் ஹெக்சாகுளோரைடு) பொடி.

இன்று சேலத்தில் வேதியியல் வாத்தியாராக அதே பி.எச்.சி.யைக் கரும்பலகையில் எழுதுகிறேன். பென்சீனோடு வெளிச்சத்தில் குளோரின் சேர்ந்தால் வருவது. ஆறு கார்பன், ஆறு குளோரின். அதே அணுக்கள் வேறு வேறு விதமாக அமைந்து ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பல ஐசோமர்கள் வரும். பூச்சியைக் கொல்வது காமா ஐசோமர் மட்டும்தான். அதைப் பிரித்தெடுத்தால் லிண்டேன். பொடியில் பெரும்பங்கு ஆல்ஃபா, வெறும் சுமை. பி.எச்.சி. 1997-லும் லிண்டேன் 2013-லும் இந்தியாவில் தடையாயின.

தடை வந்தாலும் போனது போனதுதான். வெப்பமான ஊரில் ஆவியாகி, காற்றோடு போய், குளிரான இடத்தில் இறங்குவது இந்த மூலக்கூறின் குணம். எங்கும் பூசியதும் தூவியதும் சேர்ந்து, ஆர்க்டிக் கடல்நீரில் அதிகம் காணப்பட்ட பூச்சிமருந்துகளில் ஒன்றாக ஆல்ஃபா ஆனது. சேர்வராயன் மலைப் பங்கும் அதில் துளியாவது இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அங்கே அது மெல்லக் குறைந்தும் வந்தது; கடல் பாக்டீரியா தின்றதும் அதற்கு ஒரு காரணம். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: "பாக்டீரியாதான் தின்னுச்சுன்னு எப்படி சார் தெரியும்? தண்ணியிலயே சிதைஞ்சிருக்கலாம்ல?" சரியான கேள்வி. பதில் ஆல்ஃபாவிடமே இருக்கிறது. இந்த ஐசோமர்களில் அது ஒன்றுதான் இடது செருப்பு, வலது செருப்பு மாதிரி பிளஸ், மைனஸ் என்று இரண்டு வடிவங்களில் வரும். தொழிற்சாலையில் இரண்டும் சரிபாதியாக உருவாகும். தண்ணீருக்கு இடம் வலம் தெரியாது; இரண்டையும் ஒரே வேகத்தில் சிதைக்கும். பாக்டீரியாவின் நொதிக்குத் தெரியும், ஏனென்றால் மூலக்கூறு போய் உட்காரும் அதன் குழியே ஒரு பக்கத்துக்கு வளைந்தது. 1999-இல் டாம் ஹார்னர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் கிழக்கு ஆர்க்டிக் கடல்நீரைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் விகிதம் சரிபாதியாக இல்லை. பிளஸ் வடிவம் பாதியாகக் குறையச் சுமார் 6 ஆண்டுகள், மைனஸ் வடிவத்துக்குச் சுமார் 23 ஆண்டுகள். யாரோ பார்த்துப் பார்த்துத் தின்றிருக்கிறார்கள். அந்தக் கிருமியைப் பிடிக்காமலே அதன் வேலையைக் காட்டிவிட்டார்கள். எனக்கு இது துப்பறியும் கதையைவிடப் பிடிக்கும்.

நொதிகளின் வேலையைத் தெளிவாகக் காட்டியது மண் பாக்டீரியா. நம் நாட்டு மண்ணிலிருந்து எடுத்த பி90ஏ என்ற பாக்டீரியா வகையில் லின்ஏ என்ற நொதி இரண்டு பிரதிகளில் இருக்கிறது. ஒன்று பிளஸ்ஸை விரும்பும், மற்றது மைனஸை. காமாவிலும் லின்ஏதான் தொடங்கும்: இரண்டு முறை ஹைட்ரஜன் குளோரைடை உருவும். அப்புறம் லின்பி என்ற இன்னொரு நொதி வந்து குளோரினைக் கழற்றி அந்த இடத்தில் ஓ.எச். (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) வைக்கும். லின்பியின் குடும்பத்து நொதி ஒன்று பிளீசியோசிஸ்டிஸ் பசிஃபிகா என்ற கடல் பாக்டீரியாவிடமும் உண்டு. கடலுக்கு இந்த வித்தை புதிதில்லை. அப்ளிசினா என்ற கடற்பஞ்சு புரோமின் சேர்மங்களைத் தானே சேர்த்து வைக்கும். அதனுள் வாழும் டெசல்ஃபோலூனா என்ற பாக்டீரியா அந்தப் புரோமினைக் கழற்றியும் ஆக்சிஜன் இல்லாமலே மூச்சை ஓட்டுகிறது.

"அப்போ கொட்டிட்டுப் போனா கடல் பாத்துக்கும்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். பதிலுக்குப் பலகையில் பீட்டா ஐசோமரை வரைந்தேன். ஆறு குளோரினும் வளையத்தின் விளிம்பை ஒட்டிப் படுத்திருக்கும். லின்ஏ உருவ வேண்டுமானால் ஒரு ஹைட்ரஜன் மேலே, பக்கத்துக் குளோரின் கீழே என்று எதிரெதிராக நிற்க வேண்டும். பீட்டாவில் அப்படி ஒரு ஜோடிகூடக் கிடையாது. லின்பி மட்டும் ஒன்றிரண்டு குளோரினைக் கழற்றிவிட்டுப் பாதியிலேயே நின்றுவிடுகிறது.