புள்ளி தப்பாமல் யூஸ்நெட்டுக்கு: புல்லட்டின் போர்டு ஸ்கேனர் எழுதிப் பார்த்த அனுபவம்

ஜூன் 7, சனி

வீட்டில் சும்மா கிடந்த மடிக்கணினி ஒன்றில் டெபியன் இயங்குதளத்தை நிறுவி, ஒரு சிறிய புல்லட்டின் போர்டு, அதாவது உள்ளே வந்து செய்தி எழுதிப் படிக்கும் பலகை, நடத்திவருகிறேன். டெல்நெட் வழியாக உள்ளே வருபவர்கள் பதினோரு பேர், எல்லோரும் தெரிந்தவர்கள். பழைய கணினிகளைப் பற்றி ஆங்கிலத்தில் பேச ஒரு பகுதியும், தமிழில் பொதுவாகப் பேச ஒரு பகுதியும் இருக்கின்றன. இங்கே எழுதப்படும் செய்திகளை, பல சர்வர்கள் தங்களுக்குள் மடல்களைப் பகிர்ந்துகொள்ளும் யூஸ்நெட்டின் செய்திக்குழுவுக்குக் கொண்டுபோகும் ஸ்கேனர் ஒன்றை நானே எழுதிப் பார்ப்பது என்று இன்று உட்கார்ந்தேன்.

ஸ்கேன் என்ற சொல்லை இந்த உலகம் தனக்கென்று ஒரு பொருளில் வழங்குகிறது. செய்திகள் கிடக்கும் கோப்புறையை ஒரு முறை சுற்றிவந்து, வெளியே போக வேண்டியவற்றைப் பொறுக்கியெடுத்து மூட்டை கட்டுவதுதான் ஸ்கேன். வெளியிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்து அந்தந்தப் பகுதியில் போடுவது டாஸ்.

யூஸ்நெட் 1979இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய மாணவர்களின் யோசனையாகத் தொடங்கியது. புல்லட்டின் போர்டுகளைத் தொலைபேசி வழியாகப் பிணைத்த ஃபிடோநெட்டை டாம் ஜென்னிங்ஸ் 1984இல் தொடங்கினார். அதன்மேல் பொது உரையாடலுக்கான எக்கோமெயிலை ஜெஃப் ரஷ் 1986இல் சேர்த்தார். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே பாலம் கட்டியவர்களில் டிம் போசார், கேரி பாக்ஸினோஸ், ஜான் கால்வின் ஆகியோரும் உண்டு. அவர்கள் எழுதிய நிரலின் பெயர் யூஎஃப்கேட். நான் செய்ய நினைப்பது அந்த வேலையின் ஒரு துண்டுதான். மோடமும் தொலைபேசிக் கட்டணமும் இல்லாததால் எனக்குப் பாதிச் சிரமம் குறைவு.

என் போர்டு ஒவ்வொரு செய்தியையும் தனிக் கோப்பாக, ஃபிடோநெட்டின் எம்எஸ்ஜி வடிவத்தில் சேமிக்கிறது. முதல் 190 பைட் ஹெட்டர், அதாவது முகப்பு விவரங்கள், மீதி செய்தி. அனுப்புநர் பெயருக்கு 36 பைட், பெறுநருக்கு 36, பொருள் வரிக்கு 72, தேதிக்கு 20. இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 186ஆம் பைட்டில் தொடங்கும் எண்தான் ஸ்கேனருக்கு முக்கியம்; பல குறிகளின் கூட்டுத்தொகை அது. அதில் 256 இருந்தால் இங்கேயே எழுதப்பட்ட செய்தி, 8 இருந்தால் ஏற்கெனவே அனுப்பப்பட்டது, 1 இருந்தால் அந்தரங்கம். 256 இருக்க வேண்டும், 8 இருக்கக் கூடாது, 1 இருக்கவே கூடாது. இன்றைக்கு இந்த ஒரு நிபந்தனையை எழுதி, மூன்று தடவை சரிபார்த்து எழுந்துவிட்டேன். அந்தரங்கச் செய்தி ஒன்று தவறிப்போய் உலகத்தின் முன்னால் விழுந்தால் அதைத் திரும்ப அள்ள முடியாது.

ஜூன் 8, ஞாயிறு

வெளி சர்வர் எதையும் தொடாமல், அதே கணினியில் ஐஎன்என் செய்தி சர்வரை நிறுவி, உள்ளூர்ச் சோதனைக்கென ஒரு குழுவை உருவாக்கினேன். இப்படிப்பட்ட வேலையில் முதல் நூறு தவறுகளையும் சொந்த வீட்டுக்குள்ளேயே செய்துவிட வேண்டும். மற்றவர்கள் படிக்கும் குழுவில் போய்ச் சோதனை செய்வது மரியாதை ஆகாது.

யூஸ்நெட் மடலின் வடிவத்தை ஆர்எஃப்சி 5536 என்ற இணையத் தர ஆவணம் வரையறுக்கிறது. தேதி, அனுப்புநர், மடல் எண், குழுக்களின் பெயர், பாதை, பொருள் ஆகிய ஆறு வரிகளும் கட்டாயம். எம்எஸ்ஜி கோப்பிலிருந்து இவற்றைத் திரட்டுவதில் தேதி கொஞ்சம் படுத்தியது. ஃபிடோ தேதியில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம், நேர வலயம் கிடையாது. முதல் மடல் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் போய் நின்றது. செய்திக்குள் மறைவாக இருந்து நேர வலயத்தைச் சொல்லும் டிஇசட்யூடிசி வரியைப் படித்து, அது இல்லாவிட்டால் இந்திய நேரம் என்று வைத்துக்கொள்ளச் செய்தேன்.

பிறகு அலங்காரங்களைக் கழற்றினேன். எக்கோமெயில் போன வழியைக் குறிக்கும் வரிகளுக்கு யூஸ்நெட்டில் வேலை இல்லை. 1 என்ற கட்டுப்பாட்டு பைட்டில் தொடங்கும் மறைவரிகளும் போக வேண்டும். ஆனால் போகும் முன், செய்தியின் அடையாளமான எம்எஸ்ஜிஐடி, எதற்குப் பதில் என்று சொல்லும் ரிப்ளை என்ற இரண்டையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். யாருக்கு யார் பதில் சொன்னார் என்ற இழை அந்த இரண்டில்தான் இருக்கிறது.

ஜூன் 14, சனி

ஆங்கிலப் பகுதியில் 412 செய்திகள். மொத்தத்தையும் சோதனைக் குழுவுக்கு அனுப்பினேன். சமீபத்தியவற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் 437 என்ற பதில் வந்தது: வேண்டாம், மறுபடி அனுப்பாதே என்று பொருள். அரை மணி நேரம் என் நிரலிலேயே பிழை தேடினேன். காரணம் ஐஎன்என் அமைப்பில் இருந்தது. பத்து நாளுக்கு மேல் பழைய மடலை அது இயல்பாகவே வாங்குவதில்லை. எங்கோ தேங்கிக் கிடந்த பழைய மூட்டை திடீரென்று உலகம் முழுவதும் புதிதாகப் பரவிவிடாமல் காக்கும் ஏற்பாடு இது. சோதனைக்காக மட்டும் அந்த வரம்பை நீக்கிக்கொண்டேன். வெளி உலகத்துக்கு இந்தப் பழைய 412ஐ நான் அனுப்பப்போவதில்லை. பதினோரு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டதாக நம்பி எழுதியவை அவை. இனிமேல் எழுதப்படுபவை மட்டும், அதுவும் ஒப்புக்கொண்டவர்களுடையவை மட்டும் போகும்.

அடுத்தது மடல் எண். யூஸ்நெட் முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. ஒரு மடலை ஏற்கெனவே பார்த்தோமா இல்லையா என்பதை சர்வர் இதை வைத்தே முடிவு செய்கிறது. அனுப்பும் நேரத்தில் புதிதாக ஒரு எண்ணை உருவாக்குவது சுலபம், ஆனால் ஆபத்து: அதே செய்தியை இரண்டாம் தடவை ஸ்கேன் செய்தால் வேறு எண் கிடைக்கும், சர்வரும் புதிய மடல் என்று நம்பி வாங்கிக்கொள்ளும். ஆகவே ஃபிடோ எம்எஸ்ஜிஐடியில் உள்ள முகவரியையும் தொடர் எண்ணையும் கொண்டே மடல் எண்ணை அமைத்தேன். அது இல்லாத செய்திக்கு அனுப்புநர், தேதி, பொருள், பகுதியின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து, கைரேகை போன்ற எம்டி5 எண்ணைக் கணக்கிட்டேன். எத்தனை தடவை ஸ்கேன் செய்தாலும் ஒரு செய்திக்கு ஒரே எண்.

ஜூன் 15, ஞாயிறு

எதுவரை ஸ்கேன் செய்தோம் என்பதை ஸ்கேனர் எங்கே நினைவில் வைத்துக்கொள்வது? பழைய நிரல்கள் இதற்கு 1.எம்எஸ்ஜி என்ற கோப்பை ஒதுக்கியிருந்தன. எக்கோமெயில் பகுதியில் முதல் எண்ணில் செய்தி இருக்காது. கடைசியாகப் பார்த்த செய்தியின் எண் அதற்குள் இருக்கும். வெள்ளம் எதுவரை ஏறியது என்று சுவரில் கோடு போட்டுவைப்பது போல. அதே வழக்கத்தை நானும் பின்பற்றினேன்.

காலையில் பழைய செய்திகளைக் களைந்து கோப்புகளுக்கு மறுபடி வரிசை எண் கொடுத்தேன். 413 வரை இருந்த எண்கள் 289 வரை சுருங்கின. 1.எம்எஸ்ஜி மட்டும் 413 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எழுதப்பட்ட 290, 291, 292 மூன்றையும் ஸ்கேனர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. மாலையில் ஒரு நண்பர் கேட்டிருக்காவிட்டால் வாரக்கணக்கில் தெரியாமலே போயிருக்கும். இப்போது குறியிட்ட எண் இருக்கும் எண்களை விடப் பெரிதாக இருந்தால் ஸ்கேனர் முதலிலிருந்து தொடங்குகிறது.

முதலிலிருந்து தொடங்கினால் எல்லாம் இரட்டிக்குமா என்று பார்க்க, ஒரு நகலில் அனுப்பிய குறியான 8ஐயும் எல்லாக் கோப்புகளிலிருந்தும் அழித்து, 1.எம்எஸ்ஜியையும் அழித்து ஓட்டினேன். ஒவ்வொரு மடலுக்கும் சர்வர் 435 என்றது: இது என்னிடம் இருக்கிறது, வேண்டாம். திரை முழுக்க 435 வரிசையாக இறங்கியதைப் பார்த்தபோது நேற்றைய உழைப்புக்குக் கூலி கிடைத்தது போல இருந்தது. ஒரு மடல்கூட இரண்டாம் தடவை நுழையவில்லை.

ஜூன் 21, சனி

ஆங்கிலப் பகுதி ஒழுங்காக ஓடுகிறது என்ற தைரியத்தில் தமிழ்ப் பகுதியையும் திறந்துவிட்டேன். இரவு மதுரையிலிருந்து தம்பி ஒருவர் செய்தி படிக்கும் நிரல் வழியாக உள்ளே வந்து பார்த்துவிட்டு எழுதினார்: “அண்ணா, ஓலைச்சுவடி படிப்பது போல இருக்கிறது.”

அவர் போர்டில் எழுதியது: நேற்று மழை பெய்தது. சோதனைக் குழுவில் இருந்தது: நேறறு மழை பெயதது.

எல்லா எழுத்தும் இருக்கிறது. புள்ளி மட்டும் இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டார்களே, அப்படியே. ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை.

எழுத்துரு கோளாறு என்று நினைத்து இரவு ஒரு மணி வரை அலைந்தேன். கடைசியில் கோப்பையும் மடலையும் பைட் பைட்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துகளைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். புள்ளிக்கு 224, 175, 141. போர்டின் கோப்பில் மூன்றும் இருந்தன. மடலில் 141 இல்லை.

141ஐத் தூக்கியது நான்தான். ஃபிடோவின் அடிப்படை வரையறையான எஃப்டிஎஸ்-0001இல் அந்த பைட்டுக்கு மென் வரிமுறிவு என்று பெயர். முந்தைய நிரல் தானாக வரியை மடித்த இடத்தை அது குறிக்கும். அதைப் பொருட்படுத்தக் கூடாது என்பது விதி. முதல் வாரமே அந்த விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி, கண்ட இடத்தில் எல்லாம் 141ஐ நீக்கும் வரி ஒன்றை எழுதியிருந்தேன். ஆங்கிலச் செய்தியில் 141 வரவே வராது, அதனால் வெளியே தெரியவில்லை. அடுத்த வரியில், புரியாத பைட்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடு என்று நிரல்மொழியான பைத்தானுக்குச் சொல்லியிருந்தேன். தனியாக நின்ற 224, 175 இரண்டையும் அது விட்டுவிட்டது. உடைந்த இடத்தில் கேள்விக்குறிக் கட்டமாவது விழுந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

இதே பைட் ரஷ்ய ஃபிடோநெட் பயனர்களையும் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. அவர்கள் எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் பயன்படுத்திய சிபி866 எழுத்துக் குறியீட்டில் 141 என்பது ன ஒலிக்கான ரஷ்யப் பெரிய எழுத்து. செய்தி பயணம் செய்யும் வழியில் அந்த எழுத்து காணாமல் போகும். பார்வைக்கு அதே போல இருக்கும் ஆங்கில எச் எழுத்தை அந்த இடத்தில் வைத்துச் சமாளித்தார்கள். தமிழ்ப் புள்ளிக்கு மாற்றாக வைக்க வேறு எந்த எழுத்து இருக்கிறது?

ஜூன் 22, ஞாயிறு

திருத்தம் இரண்டு வரிதான். செய்தியின் மறைவரியில் யூடிஎஃப்-8 என்று அறிவிப்பு இருந்தால் 141ஐத் தொடக் கூடாது. அறிவிப்பு இல்லாவிட்டால், பைட்கள் யூடிஎஃப்-8 ஆகச் செல்லுபடியாகின்றனவா என்று முதலில் பார்த்து, ஆகாவிட்டால் மட்டுமே பழைய விதி. புரியாத பைட் வந்தால் இனி ஸ்கேனர் அந்தச் செய்தியை அனுப்பாமல் நிறுத்தி என்னிடம் சொல்லும்.

பொருள் வரியில் வேறு தொல்லை. 72 பைட்டில் கடைசி பைட் முடிவுக்குறி, மீதி 71. தமிழுக்கு 23 குறியீடுகள் போக இரண்டு பைட் தொங்கும், 24ஆவது குறியீடு அரையாக அறுந்து நிற்கும். அந்த இரண்டையும் வெட்டிவிட்டேன். தமிழில் நீளமான தலைப்பு வைப்பவர்களுக்கு இந்த வடிவத்தில் இடமே இல்லை என்பது வருத்தமாக இருக்கிறது. நீண்ட தலைப்பைச் செய்தியின் முதல் வரியிலும் சேர்த்து எழுதுமாறு எல்லோரையும் கேட்டுக்கொண்டேன்.

வரி நீளமும் அப்படியே. ஃபிடோவில் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரி. யூஸ்நெட்டில் ஒரு வரி 998 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் அது சுமார் 330 குறியீடு, இரண்டு மூன்று வாக்கியத்தில் நிறைந்துவிடும். சொல் இடைவெளியில் மடித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

திரும்பி வரும் வழி. குழுவிலிருந்து மடலை எடுத்துப் போர்டில் போடும்போது 256 என்ற குறியை வைக்கவே கூடாது. வைத்தால் ஸ்கேனர் அதை உள்ளூர்ச் செய்தி என்று எண்ணி மறுபடி வெளியே அனுப்பும், அது மறுபடி உள்ளே வரும். பாலம் கட்டுபவர்கள் எல்லோரும் அஞ்சும் சுழல் இதுதான். வேண்டுமென்றே குறியை வைத்துப் பார்த்தேன். உள்ளே வந்த மடலின் மூல எண்ணையே நான் காப்பாற்றி வைத்திருந்ததால் சர்வர் 435 சொல்லி வாசலிலேயே நிறுத்தியது. இரண்டு பூட்டு இருப்பது நல்லது.

ஜூலை 5, சனி

ஒப்புக்கொண்டவர்கள் ஆறு பேர். அவர்களின் மின்னஞ்சல் முகவரிக்குப் பதிலாக இன்வாலிட் என்று முடியும் போலி முகவரி போகிறது. அந்த முடிவு யாருக்கும் சொந்தமாகாதபடி ஒதுக்கி வைக்கப்பட்டது. கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22 அன்று யூஸ்நெட்டோடு இருந்த தொடர்பை முடித்துக்கொண்டது. ஆனால் பழைய மடல்களைத் தேடிப் படிக்க அங்கே வழி இருக்கிறது. எழுதியது நெடுங்காலம் நிற்கும் என்பதை ஆறு பேருக்கும் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் சம்மதம் வாங்கினேன்.

ஜூலை 12, சனி

பதிவு செய்து கணக்கு வாங்கிய ஒரு வெளி சர்வர் வழியாக, சோதனைக்கென்றே இருக்கும் மிஸ்க்.டெஸ்ட் குழுவுக்கு முதல் தமிழ் மடல் போனது. 240 என்று பதில் வந்தது, பெற்றுக்கொண்டோம் என்று பொருள். வேறொரு சர்வரிலிருந்து அதே மடலை இறக்கி, ஸ்கேனரில் இப்போது நிரந்தரமாகச் சேர்த்திருக்கும் சோதனையை ஓட்டினேன்: அனுப்பிய செய்தியில் எத்தனை 141, வந்த மடலில் எத்தனை 141. அனுப்பியது 64. வந்தது 64.

மடலை மதுரைத் தம்பிக்குக் காட்டினேன். அவர் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார். இப்போது போர்டின் தமிழ்ப் பகுதியில் 38ஆம் செய்தியாக, மூலச் செய்திக்குக் கீழே சரியான இடத்தில் இருக்கிறது.