பதினாறு முடிந்த பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணத்தில் ஒரு சாவு விழுந்தால் முதல் மூன்று நாள் ஆளுக்குக் குறைவே இருக்காது. கூடாரம், நாற்காலி, காப்பி எல்லாம் தானாக வந்துவிடும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் மின்சார பில்லும் ஸ்கூல் வேன்காரரும் வாசலுக்கு வருவார்கள். கத்தோலிக்க அன்பியமோ மெதடிஸ்ட் செல் குழுவோ, பத்து வீடு சேர்ந்த குழு தன் கையிருப்பை அந்த வாரத்துக்கு மிச்சம் பிடித்து வைப்பதே நல்லது.

முதல் நாள்களில் சமைத்த சாப்பாடு போதும். துக்க வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், ஐந்து கிலோ அரிசி மூலையில் கிடக்கும். பக்கத்து வீடு இந்துக் குடும்பமாக இருந்தால் காரியம் வரை சைவம். நல்ல மனசோடுதான் ஹேம்பரில் (அன்பளிப்புக் கூடையில்) சார்டின் மீன் டின்னை அடுக்குகிறோம், அது அவர்கள் வீட்டுப் படியேற முடியாத பொருள். ஜெபம் அவர்கள் கேட்டால் மட்டும். கொடுக்கும்போது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது இருக்கிறதே, அதற்குக் கொடுக்காமலே இருக்கலாம்.

உண்மையான வேலை காகிதத்தில் இருக்கிறது. வீட்டில் இறந்தவர் என்றால் அவருடைய மைகார்டோடு (அடையாள அட்டை) போலீஸ் நிலையத்துக்குப் போய் அடக்க அனுமதி வாங்க வேண்டும். ஏழு நாளுக்குள் பதிவிலாகாவில் இறப்பைப் பதிய வேண்டும். சான்றிதழ் கிடைத்ததும் பத்து நகல் எடுத்து, மூலத்தை ஒரு ஃபைலில் போட்டு இறந்தவரின் மனைவி கையிலேயே கொடுங்கள். குழுத் தலைவர் வீட்டு அலமாரியில் அது தூங்கக்கூடாது.

அடுத்து உதவித்தொகை அலுவலகங்களுக்கு ஈப்போ பயணம். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர் என்றால் ஈமச்சடங்கு உதவியும், தகுதி இருந்தால் வாரிசு பென்ஷனும் உண்டு. ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) உறுப்பினர் 60 வயதுக்குள் இறந்தால் 2,500 வெள்ளி (ரிங்கிட்) மரண உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆறு மாதம் தாண்டக்கூடாது. மலாய் ஃபாரம் தடுமாறாமல் நிரப்பக்கூடிய ஒருவர் கூடப் போக வேண்டும்; கார் வைத்திருப்பவர் மட்டும் போனால் இரண்டு நாள் வேலைதான் கெடும்.

சிக்கல் பெரும்பாலும் கல்யாணச் சான்றிதழில் வரும். முஸ்லிம் அல்லாதார் திருமணப் பதிவு 1982 மார்ச் முதல் கட்டாயம். ஆனாலும் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கிறார்கள். அந்த மனைவி தன் உறவை நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை முதல் பயணத்திலேயே எடுத்துச் செல்லுங்கள். மைகார்டில் 'லெட்சுமி', இன்னொரு தாளில் 'லட்சுமி' என்று எழுத்து மாறியிருக்கிறதா என்று வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பணம்: வீட்டுக்குப் பத்து வெள்ளி, மாதம் நூறு, மூன்று மாதம். ரொக்கமாகக் கொடுக்காமல் மின்சாரம், தண்ணீர், வேன் என்று நேராகக் கட்டி, ரசீதை அவர்களிடம் தாருங்கள். கணக்கு நோட்டில் இரண்டு பேர் கையெழுத்து. ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) கடன் இருப்பது தெரியவந்தால் குழு பேரம் பேசப் போகக்கூடாது, யாரும் தங்கள் மைகார்டு நகலை நீட்டவும் கூடாது. மிரட்டல் வந்தால் போலீஸ் ரிப்போர்ட்.

அடுத்த கூட்டத்தில் பாட்டுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, அவரவர் சேமநிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டு மறந்தவருக்கு, இன்று மனைவி இருந்தாலும் பணம் அம்மாவுக்குத்தான் போகும்.