வாய்தாவுக்கும் ஃபீஸ் உண்டு

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு என்று குழந்தையோடு சென்னைக்கு வந்த அம்மாவோ அப்பாவோ திரும்பிப் போகவில்லை. அங்கே இருப்பவர் முதலில், நாடு விட்டு நாடு கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்ப வைக்கும் ஹேக் ஒப்பந்தத்தைத்தான் தேடுவார். 1980இல் வந்த அந்த ஒப்பந்தத்தில் இலங்கை உண்டு, இந்தியா கிடையாது. அதனால் அங்கே ஒரு கஸ்டடி ஆர்டர் வாங்கி, அதற்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டில் ஏற்க வைக்கும் அரசுச் சான்று) போட்டு, இங்கே ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். இரண்டு நாடு, இரண்டு வக்கீல், இரண்டு பில்.

அங்கத்திய வக்கீல்கள் பலர் ஆறு நிமிடத்தை ஒரு அலகாக வைத்து பில் போடுவார்கள். 'சரி, நன்றி' என்று ஒரு வரி மெயில் போட்டாலும், அதைப் படித்ததற்குக் கணக்கு ஏறும். கேள்விகளைச் சேர்த்து வைத்து வாரம் ஒரே மெயிலாக அனுப்புங்கள். இங்கே சீனியர் வக்கீலுக்கு ஆஜராகும் நாள் கணக்கில் ஃபீஸ். வாய்தா போன நாளுக்கும் உண்டா என்பதை வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு ஆர்டர் கையில் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் அதிகம். இங்கிலாந்திலிருந்து கோவைக்கு வந்த பிள்ளைகள் வழக்கில் 2015இல் சுப்ரீம் கோர்ட் இங்கிலாந்து கோர்ட்டுக்கு மதிப்புக் கொடுத்தது உண்மைதான். 2017இல் அதே சுப்ரீம் கோர்ட், அந்தப் பார்வையை ஏற்காமல், குழந்தையின் நலன்தான் முதல், வெளிநாட்டு ஆர்டர் கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே என்றது. அதனால் பள்ளி ரிப்போர்ட், டாக்டர் சீட்டு, தடுப்பூசி அட்டை எல்லாம் ஆர்டர் அளவுக்கே முக்கியம். வாய்தா ஒவ்வொன்றும் குழந்தையை இந்த ஊர்ப் பள்ளியில் இன்னும் கொஞ்சம் வேரூன்ற வைக்கும்.

அடிக்குப் பயந்து ஓடி வந்தவர்களும் இதில் உண்டு. அவர்கள் திரும்பச் சம்மதித்தால், அங்கே கிரிமினல் கேஸ் போடுவதில்லை, வீட்டு வாடகை, ஜீவனாம்சம் என்ற மூன்றையும் டிக்கெட் போடும் முன்பே கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும்.

அங்கே இருப்பவர் குழந்தையோடு பேச ஆர்டரில் குறிக்கும் வீடியோ கால் நேரத்தில் கோட்டை விடுகிறவர்கள் ஏராளம். நியூ ஜெர்சியில் கோடையில் இரவு 9.30 என்றால் இங்கே காலை 7. நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் அதே 9.30 இங்கே 8 ஆகிவிடும். ஸ்கூல் வேன் போயிருக்கும். குழந்தை எடுக்கவில்லை, பேச விடவில்லை என்று அடுத்த மனு. ஆர்டரில் 'இந்திய நேரம் காலை 7' என்றே எழுதி வாங்குங்கள்.