தொலைபேசியில் அவர் சேர்த்துச் சொன்ன வாக்கியம்

ஆய்வகத்திலிருந்து அழைத்து, நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் 7.1, அபாய அளவு என்று நான் சொன்னதும் வார்டு சிஸ்டர் அதைப் பிழையின்றித் திருப்பிச் சொன்னார். நோயாளியின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு உறுதி செய்துகொண்டார். விதிப்படி எங்கள் உரையாடல் அத்துடன் முடிந்துவிட்டது. ஆனால் அவர் தொலைபேசியை வைக்கவில்லை. "சார், ரத்தம் எடுக்கும்போது நரம்பே கிடைக்கல. ரொம்ப நேரம் கையைக் கட்டியே வச்சிருந்தேன். அதனால ஏறியிருக்குமா? வேற கையில எடுத்து அனுப்பறேன், அது வந்ததும் டாக்டரை எழுப்பட்டுமா?" என்று கேட்டார். யாரும் கேட்காமல் அவராகச் சொன்ன அந்தத் தகவலை நான் அதன் பிறகு என்ன செய்தேன் என்பதைப் பற்றித்தான் இன்றும் எனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வகத்தில் இருப்பவர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. எங்களிடம் வருவது ஒரு குழாய், ஒரு பட்டைக் குறியீடு, சில சொற்களில் எழுதப்பட்ட ஒரு கோரிக்கை. அந்த ரத்தம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் குழாய் ஓரளவுக்குத்தான் காட்டும். சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் சீரத்தின் நிறமே சொல்லிவிடும். உறையாமலிருக்க வேதிப்பொருள் சேர்த்த ஈடிடிஏ குழாயிலிருந்த ரத்தம் தவறுதலாகக் கலந்திருந்தால் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் இருக்கும். ஆனால் கையை நெடுநேரம் இறுகக் கட்டியிருந்ததையும், நோயாளியை விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னதையும் எந்தக் கருவியும் காட்டாது. இரண்டுமே பொட்டாசியத்தை உயர்த்திக் காட்டக்கூடியவை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஊசியைப் பிடித்திருந்தவர். அவர் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

அன்றைய மாதிரியில் நிறம் தெளிவாக இருந்தது. கால்சியமும் இயல்பாக இருந்தது. மறுமுறை கருவியில் ஏற்றியபோதும் கிட்டத்தட்ட அதே எண்தான் வந்தது. முந்தைய நாள் அதே நோயாளிக்கு 4.8. இயல்பின் மேல் எல்லை 5 என்ற அளவில் இருக்கும்போது ஒரே நாளில் இத்தனை ஏற்றம் சந்தேகத்துக்குரியதுதான். ஆனால் அவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்ததால் நடக்கவே முடியாத ஏற்றமும் அல்ல. கையைக் கட்டியிருந்ததால் ஒரு பகுதி கூடியிருக்கலாம், முழுவதும் அதனால் வந்திருக்காது என்று கணித்தேன். இரண்டாவது மாதிரி வரட்டும், ஆனால் டாக்டருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்கிறேன் என்று அவர் பதிலளித்த விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தை நம்பி உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. சற்று நேரம் கழித்து இரவுப்பணி மருத்துவரை நானே நேரடியாக அழைத்தேன். எண்ணைச் சொன்னேன், கூடவே, "ரத்தம் எடுக்கச் சிரமப்பட்டதாகவும் கையை நெடுநேரம் கட்டியிருந்ததாகவும் சிஸ்டர் சொன்னார்" என்றும் சொன்னேன்.

மருத்துவ ரீதியில் அது நல்லபடியாக முடிந்தது. இசிஜியில் மாற்றம் இருந்ததால் மருத்துவர் உடனே சிகிச்சையைத் தொடங்கினார். சிகிச்சைக்குச் சற்று முன் எடுத்த இரண்டாவது மாதிரியில் 6.8 வந்தது. காத்திருக்க வேண்டாம் என்ற என் கணிப்பு சரியாகவே இருந்தது. ஆனால் மறுநாள் மருத்துவரிடமிருந்து புகார் போனது: அபாய அளவைச் செவிலியர் தமக்குச் சொல்லவில்லை, ஆய்வகம் சொல்லித்தான் தெரிந்தது, ரத்தமும் முறையாக எடுக்கப்படவில்லை, அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சிஸ்டருக்கு மெமோ கொடுத்து விளக்கம் கேட்டார்கள். புகாரின் இரண்டாம் பாதி முழுக்க முழுக்க என் வாயிலிருந்து போனது.

நான் சொல்லாமல் இருந்திருக்க முடியுமா? இந்தக் கேள்வியை எத்தனை விதமாகத் திருப்பினாலும் முடியாது என்ற விடையே எனக்கு முதலில் வருகிறது. 7.1 என்ற எண்ணை வைத்து இதயத்தைக் காக்கும் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறவருக்கு, அந்த எண்ணின் நம்பகத்தன்மை பற்றி எனக்குத் தெரிந்த அனைத்தும் தெரிந்தாக வேண்டும். அதை மறைத்து வெறும் எண்ணை மட்டும் கொடுத்திருந்தால் என் தொழிலுக்கே துரோகம் செய்தவனாவேன். பெயரைத் தவிர்த்து "மாதிரியில் ஐயம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அப்படிச் சொல்லியிருந்தால், ஐயம் எதனால் என்று மருத்துவர் கேட்டிருப்பார், அல்லது ஐயம் தீரட்டும் என்று இரண்டாவது மாதிரிக்காகக் காத்திருந்திருப்பார். காரணத்தைச் சொன்னதால்தான் அதன் எடை எவ்வளவு என்று அவரால் மதிப்பிட முடிந்தது.

இப்படியெல்லாம் நிறுவிய பிறகும், விசாரணையின்போது நர்சிங் சூப்பரிண்டெண்டண்ட் என்னிடம் கேட்டது நெஞ்சை விட்டுப் போகவில்லை. "அந்தப் பொண்ணு உங்ககிட்ட சொன்னது நீங்க சரியா முடிவு பண்ணணும்னுதானே சார்? அதை அவ பேர்லயே அங்க போய் ஏன் சொன்னீங்க?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. தகவல் நோயாளிக்காகத்தானே, எனக்காக அல்லவே என்று பதில் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அந்த சிஸ்டர் பேசியது என்னோடுதான் என்பதும் உண்மை.

அதன் பின்பு நடந்ததை யாரும் புகாராக எழுதவில்லை, எழுதவும் முடியாது. அந்த வார்டிலிருந்தும், பிறகு மற்ற வார்டுகளிலிருந்தும், எங்கள் அழைப்புகளுக்கு எண்ணைத் திருப்பிச் சொல்வதோடு பேச்சு நின்றுபோனது. முன்பெல்லாம் "ட்ரிப் ஓடற கையில எடுத்தது சார்", "நோயாளி காலையிலேர்ந்து வாந்தி சார்" என்று ஒரு வாக்கியமாவது கூட வரும். அந்த வாக்கியங்களை வைத்து எத்தனை மாதிரிகளைத் திரும்பக் கேட்டிருக்கிறோம் என்பதற்குக் கணக்கு கிடையாது. ஏனென்றால் அவற்றை எழுத எங்கள் பதிவேட்டில் இடமே இல்லை. அழைத்த நேரம், பெற்றுக்கொண்டவர் பெயர், மதிப்பு, திருப்பிச் சொன்னாரா என்பவைதான் அதிலுள்ள கட்டங்கள். தரப்பிரிவினர் அந்த இரவின் பதிவைப் பார்த்து எல்லாம் முறைப்படி இருக்கிறது என்றார்கள். எல்லாமே முறைப்படிதான் இருந்தது.

இந்தக் கட்டங்களை நான் குறைத்துப் பேசவில்லை. உயிருக்கு ஆபத்தான ஆய்வு முடிவை ரிப்போர்ட் வரும்வரை வைத்திருக்காமல் உடனே அழைத்துச் சொல்ல வேண்டும் என்ற முறையை, அமெரிக்க நோயியல் மருத்துவர் ஜார்ஜ் லண்ட்பெர்க் 1972இல் எழுத்தில் முன்வைத்தார்; இன்று மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரத்தைப் பின்பற்றும் ஆய்வகம் எதுவும் இதைத் தவிர்க்க முடியாது. எண் சரியான காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை இந்த முறை உறுதி செய்கிறது. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது வேறொரு வழியில், ஒருவரையொருவர் நம்புகிறவர்களின் பேச்சில், எழுதப்படாமல் வந்துகொண்டிருந்தது. முதல் வழியைக் காப்பாற்றப் போய் இரண்டாவதை அடைத்துவிட்டேனா என்பதே என் கலக்கம்.

விமானத் துறையில் இதே சிக்கலை எதிர்கொண்ட கதை ஒன்றை அந்த நாட்களில்தான் விரிவாகப் படித்தேன். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514 எண் விமானம் மலையில் மோதி அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். தரையிறங்குவதற்கான அனுமதி கிடைத்ததும் 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். கட்டுப்பாட்டு அதிகாரி அந்த அனுமதியைக் கொடுத்தது அந்தப் பொருளில் அல்ல. அதற்குச் சில வாரங்களுக்கு முன் இன்னொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அதைத் தங்கள் நிறுவனத்துக்குள் அறிவிக்கவும் செய்தார்கள். அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. நிறுவனத்தின் எல்லையைத் தாண்டி அந்தச் செய்தி போகவில்லை.

இதற்குப் பின் விமானிகள் தங்கள் தவறுகளையும் தப்பித்தல்களையும் அறிவிக்க ஒரு திட்டத்தை அமெரிக்க விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ தொடங்கியது. தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே போய்ச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அதனால் 1976இல் அறிக்கைகளைப் பெறும் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரமற்ற நாசாவிடம் கொடுக்கப்பட்டது. அறிக்கையிலிருந்து பெயரை நீக்கிவிட்டு விவரத்தை மட்டும் அவர்கள் துறை முழுவதும் பரப்பினார்கள். கேட்கும் காதையும் தண்டிக்கும் கையையும் பிரித்து வைத்ததால் அந்தத் திட்டம் இன்றுவரை நடக்கிறது.

இதைப் படித்தபோது விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்க, எங்கள் இரவுக்கு அது பொருந்தாது என்று தெரிந்தது. விமானி அனுப்பும் அறிக்கைக்கு அவசரமில்லை. பெயரை நீக்கிப் பல நாள் கழித்து வெளியிட்டாலும் பயன் குறையாது. எங்கள் வாக்கியத்துக்கோ சில நிமிடங்களே ஆயுள், அதுவும் அதே நோயாளியைப் பற்றியதாக இருந்தால் மட்டுமே பயன். அந்த வார்டில் அந்த இரவில் ரத்தம் எடுத்தவர் ஒருவரே என்னும்போது பெயரை நீக்கி என்ன ஆகப் போகிறது?

மருத்துவரையும் நான் குற்றவாளியாக்க விரும்பவில்லை. பல வார்டுகளை ஒருவராகப் பார்க்கும் அவரை, உடைந்த சிவப்பணுக்கள் தந்த பொய்யான எண்களுக்காக நாங்களே பல இரவுகள் எழுப்பியிருக்கிறோம். அந்த எரிச்சல் செவிலியர்கள் மீது இறங்கியது. அதன் விளைவாகவே, உறுதியானால் மட்டும் எழுப்பலாம் என்ற தயக்கம் அவர்களிடம் வேரூன்றியது. அப்படிப் பார்த்தால் அன்று நான் கேட்ட தயக்கத்தில் எங்கள் ஆய்வகத்தின் பங்கும் இருந்தது. இது எந்த விளக்கக் கடிதத்திலும் வரவில்லை. நானும் விசாரணையில் இதைச் சொல்லவில்லை, அப்போது எனக்கே இது புலப்பட்டிருக்கவில்லை.

பிறகு ஒரு மாற்றம் செய்தோம். அபாய அளவைச் சொல்ல அழைக்கும்போதெல்லாம், கையை நெடுநேரம் கட்டியிருந்தீர்களா, ட்ரிப் ஓடும் கையில் எடுத்தீர்களா என்று எங்கள் பக்கத்திலிருந்தே கேட்பது என்று வைத்துக்கொண்டோம். எல்லோரிடமும் கேட்டால், பதில் சொல்வது யாருக்கும் தனி ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது என்று நம்பினேன். எல்லோரும் இல்லை என்றே சொன்னார்கள். நரம்பு கிடைக்காத நோயாளி ஒருவர்கூட இல்லாத மருத்துவமனை எங்கும் கிடையாது. புதிய கட்டம் மட்டும் ஒரே சொல்லால் நிரம்பிக்கொண்டு வந்தது.

அண்மையில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிஸ்டர் அதே கேள்விக்கு ஆமாம் என்றார். எங்கள் இளைய டெக்னீசியன் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, இதை டாக்டரிடம் சொல்லலாமா என்று என்னைக் கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். யார் சொன்னது என்று கேட்டால் என்ன சொல்வது என்றார். ஆய்வகம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, கேட்டுத் தெரிந்துகொண்டோம் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் கேட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள் என்றேன். அப்படியே சொன்னார். மருத்துவர் என்னிடம் பேசவில்லை. நேராக வார்டுக்கு அழைத்து ரத்தம் எடுத்தது யார் என்று கேட்டார்.